அடுத்த வருஷத்து ஆவணி ஒன்று

ஆடி என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கூழும் காற்றும் தள்ளுபடியும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஆடியிலேயே அடுத்த வருஷம் பிறந்துவிடும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்! சிவகாசி அச்சாபீஸ்களில் ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியே எடுப்பார்கள். முருகனா, மகாலட்சுமியா, கன்னம் உப்பிய குழந்தையா, அருவியா என்று வெளியூர் ஏஜெண்டுகள் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பதற்கான ஆல்பம் அது. ஊர் உலகம் ஜனவரி பிறக்கும்போது மாட்டுகிற காலண்டரை நாங்கள் ஆடியிலேயே மாட்டிவிட்டு, அதைப் பற்றி ஒரு பெருமையும் இல்லாமல் வேலைக்குப் போய்விடுவோம்.

எங்கள் அம்மா வீடு நாரணாபுரத்தில். தெருவில் பாதி வீடு வெடிக்கம்பெனி, பாதி வீடு அச்சாபீஸ். அச்சாபீசுக்குப் போகிறவர்கள் சாம்பிள் ஷீட், மை தீற்றிய ஷீட், வெட்டு கோணலாய்ப் போன ஷீட் என்று கொண்டுவந்து தெருவுக்கே பங்கு வைப்பார்கள். அதனால் ஆடி முடிவதற்குள் எல்லா வீட்டுச் சுவரிலும் அடுத்த வருஷம் தொங்கும். இதனால் வரும் கூத்து கொஞ்சநஞ்சம் அல்ல. பக்கத்து வீட்டு மதினி, அதாவது என் பெரியப்பா மகனுடைய பெண்டாட்டி, ஒரு தடவை அடுத்த வருஷத்துக் கிருத்திகைக்கு இந்த வருஷமே நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாள். சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "விடு புள்ள, முருகன் அட்வான்ஸா வரவு வச்சுக்கிடுவான்" என்று எங்கள் அம்மாதான் அவளுக்குச் சோறு போட்டாள்.

என் கல்யாணம் நடந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தத்தில். கடைசி என்றால் கடைசியேதான். அதை விட்டால் ஆவணி. "ஆவணி வரைக்கும் எதுக்குப் போட்டு வைக்கணும்?" என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அவசர அவசரமாக முடித்தார்கள். முடித்து, விருந்து மறுவீடு என்று பந்திப் பாய் சுருட்டுவதற்குள் ஆடி வாசலில் வந்து நின்றது. புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வளர்ந்த ஆளே வடகமாகிவிடுவான், பச்சைப் பிள்ளை என்ன ஆகும்? காரணம் சரியான காரணம்தான். ஆனால் காரணத்தைக் கேட்டு யாருக்கு மனசு ஆறும்?

கட்டிக்கொடுத்த இடம் விருதுநகர். மாப்பிள்ளை சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சாபீஸில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவர். நல்ல உயரம், நல்ல நிறம், நகக்கண்ணில் எப்போதும் நீல மை. வாய் மட்டும் வாங்கி வரவில்லை. ஆடிக்கு ஒரு தடவை அமாவாசைக்கு ஒரு தடவை பேசுவார். நாள் பூராவும் மிஷின் சத்தத்தில் நின்று நின்று, எதையும் புருவத்தாலும் தாடையாலும் சொல்லிப் பழகிவிட்டார். தண்ணீர் வேண்டும் என்றால் தாடை சொம்பைப் பார்க்கும். போதும் என்றால் புருவம் ஏறும். நானோ வாயை மூடினால் மூச்சு முட்டுகிற ரகம். இந்த மனுஷனுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா, இல்லை வீட்டில் சொன்னார்களே என்று தாலி கட்டினாரா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அது தெரிவதற்குள் அம்மா ஆடிச் சீரோடு வந்து, என்னைக் கிளப்பிவிட்டாள்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு அவரும் வந்தார். பெட்டியை ஏற்றினார். ஒரு மாசம் பிரியப்போகிறோம், ஏதாவது சொல்வார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்த பிறகு வாயைத் திறந்தார்.

"சன்னல் பக்கம் உக்காராத. காத்து கண்ணுல மண்ணப் போடும்."

அவ்வளவுதான். பஸ் கிளம்பிவிட்டது. சாத்தூர் ரோடு திரும்பும் வரைக்கும் அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கண்ணில் மண் விழக்கூடாது என்றால் அக்கறைதானே? அக்கறை என்றால் பிரியம்தானே? நாரணாபுரம் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக மதினியிடம் சொன்னேன். அவள் வெடிக்கம்பெனியில் வேலை பார்க்கிறவள், எதையும் பட்டென்று போட்டு உடைப்பாள்.

"மிஷின்ல எளுதிப் போட்டுருப்பாகள்ல, 'கை வைக்காதீர்'னு. அந்த மாதிரிதான் இதுவும். பிரியமாம் பிரியம்!"

அன்றைக்கு அவளோடு பேச்சை விட்டேன். மறுநாள் நானே போய்ப் பேசினேன். வேறு யாரிடம் புலம்புவது?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் அம்மி தவிர மற்றதெல்லாம் பறந்தது. கொடியில் போட்ட துணி மதினி வீட்டுக் கூரையில் கிடந்தது. சோற்றில் மண், தலையில் மண், பல்லில் மண். அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடிந்ததும் ஆரம்பித்துவிடும். வெடிக்கம்பெனிகளில் தீபாவளிச் சீசன் சூடு பிடித்து, வேன்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை. எனக்கு மட்டும் ஒரு வேலையும் கிடையாது. முதல் ஆடிப் பெண்ணாம், அடுப்பு வேலை கூடச் செய்யக் கூடாதாம். தெருமுனைக் கடையில் ஒரு போன் இருந்தது. யாருக்குப் போன் வந்தாலும் கடைக்காரர் குரல் கொடுத்துக் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் நான் வாசலுக்கு ஓடுவேன். மேலத் தெருவுக்கு வரும், கீழத் தெருவுக்கு வரும், எனக்கு மட்டும் வராது. அந்தக் கோபத்தில் துவைத்த துணியையே திரும்ப எடுத்து அடித்துத் துவைப்பேன்.

"ஏ புள்ள, கல்லு உடைஞ்சிரும்" என்பாள் அம்மா.

"உடையட்டும்!"

"அவுக வேல பாக்குற இடத்துல போன் இருக்கும்ல, நீ பண்ணேன்?"

"நான் எதுக்குப் பண்ணணும்? எனக்கென்ன தலையெழுத்தா?"

ஆடிப் பதினெட்டு வந்தது. எங்கள் ஊரில் ஆறும் கிடையாது, பெருக்கும் கிடையாது. குழாயில் தண்ணீர் வந்தால் அதுதான் பெருக்கு. ஆனாலும் அம்மா புளிச்சோறு, தேங்காய்ச்சோறு என்று கிண்டி வைத்திருந்தாள். மத்தியானம் நான் சுவரில் சாய்ந்து மோட்டுவளையை எண்ணிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தால் அவர்! நெற்றியில் பூஜைச் சந்தனம், ஒரு கையில் மிட்டாய்ப் பெட்டி, இன்னொரு கையில் மஞ்சப் பை, கக்கத்தில் சுருட்டிய காலண்டர். அச்சாபீஸில் பூஜை முடிந்து, ஆல்பம் போட்டு, நேரே இங்கே வந்திருக்கிறார். நான் எழுந்து நிற்பதற்குள் அம்மா என் தோளை அமுக்கி அடுப்படிக்குள் தள்ளிவிட்டாள்.

"வாங்க மாப்ள, வாங்க வாங்க. அங்கன எல்லாரும் நல்லா இருக்காகளா? ஒக்காருங்க, சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அப்பா எதிரே உட்கார்ந்து கொறித்தார். அம்மா அடுப்படி வாசலை மறித்து நின்றாள். மதினி எங்கிருந்தோ ஓடிவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவாக நின்றுகொண்டாள். இரண்டு பேர் இடுப்புக்கும் நடுவில் கிடைத்த சந்து வழியாக எனக்கு அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது. முழங்கையைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? கை கழுவிவிட்டு எழுந்தவர், காலண்டரை விரித்தார். அடுத்த வருஷத்து மாதக் காலண்டர், மேலே தகரம் அடித்து, மயில்மேல் முருகன். அரசாங்க விடுமுறைகூட இன்னும் போடாத புத்தம்புதுச் சாம்பிள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தச் சந்து வழியாக நேரே என்னைப் பார்த்தார்.

"ஆணி இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன்.

"சுத்தியல்?"

அதையும் கொடுத்தேன். பதினெட்டு நாள் கழித்துப் பார்த்த பெண்டாட்டியிடம் ஒரு மனுஷன் பேசிய பேச்சு, ஆணியும் சுத்தியலும்! முருகனை மாட்டினார். அதே சுவரில் தொங்கிய இந்த வருஷத்து நாள்காட்டியை, தினமும் ஒரு தாள் கிழிக்கிற அந்தக் கட்டுக் காலண்டரைக் கழற்றி, தூசி தட்டி, தன் மஞ்சப் பைக்குள் வைத்துக்கொண்டார். வந்தது போலவே போய்விட்டார்.

"எம்புட்டுச் சுத்தமான ஆளு பாரு! பளசக்கூட நம்ம வீட்டுல குப்பையாப் போடாம எடுத்துட்டுப் போறாக" என்று அம்மா பூரித்துப்போனாள்.

"ஆமா, குப்பை பெறக்கத்தான் வந்தாக" என்று நான் சுத்தியலை ஓங்கி மூலையில் வைத்தேன். மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஆடி நகரவேயில்லை. மற்ற மாசங்களுக்கு இல்லாத பெருமை ஆடிக்கு என்னவோ, அந்த வருஷம் அதற்கு முப்பத்திரண்டு நாள். என் நேரம்! அம்மா விரல் விட்டு எண்ணி, திங்கட்கிழமை ஆவணி பிறக்கிறது, அன்றைக்கு மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவார் என்று சொல்லி வைத்திருந்தாள். அரிசி ஊறப்போடுவது, முறுக்குச் சுடுவது, தேங்காய் வாங்குவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், வந்து நிற்கிறார்! வழித்த முகம், வெள்ளைச் சட்டை, அதே மஞ்சப் பை. வாயில் நுரையோடு நான் உள்ளே ஓடினேன். அம்மா கையில் இருந்த துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு "வாங்க மாப்ள" என்றாள்.

"ஆவணி பொறந்துருச்சு அத்தை. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அதுதான். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நாளைக்குத்தான மாப்ள?"

அவர் தாடையைச் சுவர்ப் பக்கம் காட்டினார். அம்மா ஓடிப்போய் முருகன் காலண்டரைப் புரட்டினாள். ஆகஸ்ட் மாசம். இன்றைக்குத் தேதி பதினேழு. பதினேழு என்ற கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் 'ஆவணி 1' என்று அழகாகப் போட்டிருந்தது.

"அடி ஆத்தே!" அம்மா நெஞ்சில் கைவைத்தாள். "எண்ணுனதுல ஒரு நாளு விட்டுப்போச்சே! மாப்ள வாசல்ல வந்து நிக்காக, வீட்டுல ஒரு முறுக்குகூட இல்லையே!"

ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப்பிடித்து அடி என்று ஒரு பழமொழி உண்டு. ஆவணிக்கு வெறுங்கையோடு அனுப்பின மாமியாரை என்ன செய்யச் சொல்வார்களோ, அந்தப் பயம் அம்மாவுக்கு. அப்பாவைத் தேங்காய்க்கு விரட்டினாள். மதினியைக் கூப்பிட்டாள். மதினி விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் வீட்டுக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கேயும் பதினேழு, ஆவணி ஒன்று. எதிர் வீட்டில் பார்த்தார்கள். ஆவணி ஒன்று. கடைசி வீட்டில் பார்த்தார்கள். அதே ஆவணி ஒன்று. நாலு வீட்டில் நாலு அச்சாபீஸ் காலண்டர், நாலும் ஒரே பேச்சு. மதினிக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம்.

"அப்ப கோயில்ல இன்னைக்கு எதுக்கு ஆடிக் கூளு காச்சுறாக?"

"ஆவணியில ஊத்துனா ஆத்தா வேண்டாம்னா சொல்லப் போறா? நாலு கம்பெனிக்காரனுமா தப்பா அடிப்பான்?" என்று தேங்காயோடு வந்த அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. மதினி தன் வீட்டு முறுக்கு டின்னை அப்படியே தூக்கிக் கொண்டுவந்தாள். எதிர் வீட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பு வந்தது. கடைசி வீட்டிலிருந்து மல்லிகைப்பூ வந்தது. ஒருத்தி தலை வாருகிறாள், ஒருத்தி பெட்டி கட்டுகிறாள், அம்மா அழுகிறாள், அழுதுகொண்டே இட்லி வைக்கிறாள். இத்தனைக்கும் நடுவில் அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் முன் சாமி கும்பிடச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் விபூதித் தட்டு இருப்பது அந்தச் சுவரடியில்தான். விபூதி எடுக்கக் குனிந்தேன், நிமிர்ந்தேன், முருகன் காலண்டர் மூக்குக்கு நேரே நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரிசை முழுக்கச் சிவப்பு எண்கள். பதினேழைத் தேடினால் அது அங்கே இல்லை. கருப்பு மையில் செவ்வாய்க்கிழமை வரிசையில் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு ஞாயிறு அல்லவா? அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இது அடுத்த வருஷத்துக் காலண்டர்! அடுத்தது லீப் வருஷம், பிப்ரவரிக்கு ஒரு நாள் கூட. அதனால் தமிழ் மாசம் ஒரு தேதி முன்னாலேயே பிறந்துவிடும். தெருவே அடுத்த வருஷத்து ஆவணியைப் பார்த்துக்கொண்டு என்னை இந்த வருஷத்து ஆடியில் அனுப்பி வைக்கிறது!

சரி, அம்மாவுக்குத் தெரியாது, மதினிக்குத் தெரியாது, அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவுமே தெரியாது. காலண்டர் அச்சடிக்கிற ஆளுக்குமா தெரியாது? அந்தக் காலண்டரை நம்பினால் இன்றைக்குச் செவ்வாய், செவ்வாயில் யாராவது பெண் அழைக்க வருவார்களா? திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலது புருவம் லேசாக ஏறி, இறங்கியது.

எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது பாருங்கள், அதை அடக்க விபூதியை அள்ளி நெற்றி முழுக்கப் பூசிக்கொண்டேன்.

"எம்மா, நேரமாச்சு, பஸ்ஸு போயிரும்!"

"என்னடி பறக்குற? ஒரு சொட்டுக் கண்ணீராச்சும் விடேன், பாக்குறவுக என்ன நெனப்பாக?" என்றாள் மதினி. காதருகில் குனிந்து, "ஒரே நாள்ல பேய் புடிச்ச மாதிரி சிரிக்கா" என்று அம்மாவிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது.

பஸ்ஸில் வேண்டுமென்றே சன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவகாசி தாண்டுகிற வரைக்கும் பொறுத்தேன். அதுவே பெரிசு.

"ஏங்க, அந்தக் காலண்டர்ல பதினேழாந்தேதி செவ்வாக்கெளமைன்னுல போட்டுருக்கு?"

முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அச்சுப்பிழையா இருக்கும்."

"நாலு கம்பெனியிலயுமா?"

எட்டிப் பார்த்தேன். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு குலுங்குகிறார்! சிரிக்கிறார்! அதுவரை நான் அவர் பல்லையே பார்த்தது கிடையாது. நான் வெடித்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். காற்று ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து இரண்டு பேர் வாயிலும் போட்டது. துப்பினோம், மறுபடி சிரித்தோம்.

விருதுநகரில் இறங்கின பிறகுதான் கஷ்டம் புரிந்தது. வீட்டுக்குப் போக முடியாது. என் அத்தை, அவருடைய அம்மா, நாள் கிழமையில் புலி. ஆடி முடியாமல் வாசலை மிதித்தால் இரண்டு பேரையும் தோலை உரித்துவிடுவார். அவரிடம் சீசன் லோடு, ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் இந்த ஊமை. நாரணாபுரத்துக்கும் திரும்ப முடியாது. பூ வைத்து, பொட்டு வைத்து அனுப்பின பெண் பெட்டியோடு திரும்பினால் நல்லதா? ஆக, முறுக்கு டின், வாழைப்பழம், தேங்காய், பெட்டி, மஞ்சப் பை சகிதம் இரண்டு பேரும் நடுத்தெருவில். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

முதலில் ஜவுளிக்கடைக்குப் போனோம். ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள், உள்ளே கால் வைக்க இடமில்லை. நான் ஒரு மாம்பழக் கலர் சேலையைத் தொட்டேன். இன்னொரு அம்மாள் மறுமுனையைத் தொட்டாள். நான் இழுக்க, அவள் இழுக்க, அவர் நடுவில் புகுந்து புருவத்தை ஏற்றி அந்த அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். அவள் விட்டுவிட்டாள். சேலைக்கு ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி இனாம். தேங்காயும் பழமும் முறுக்கு டின்னும் வாளிக்குள் போயின. கல்யாணமாகி முதல்முதலாகப் புருஷன் பெண்டாட்டி ஊர் சுற்றுகிறோம், வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு!

மத்தியானம் பரோட்டாக் கடை. எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டா, சால்னா. அதைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே நான் ஒரு மாசத்துப் பேச்சையும் பேசினேன். காற்று, கூழ், போன் மணி, துணி துவைத்தது எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் அவரே தன் இலையில் இருந்த முறுகல் துண்டை எடுத்து என் இலையில் வைத்தார். அதில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"கேக்கணும்னு இருந்தேன். என்னய ஒங்களுக்குப் புடிச்சிருக்கா, இல்லையா? புருவமெல்லாம் வேண்டாம். வாயத் தொறந்து சொல்லணும்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். மஞ்சப் பையை மடியில் வைத்து, உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஆடிப் பதினெட்டு அன்று கழற்றிக்கொண்டு போன இந்த வருஷத்து நாள்காட்டி. தினமும் ஒரு தாள் விடாமல் கிழித்து வைத்திருந்தார். மேல் தாளில் சிவப்பு எழுத்தில் ஞாயிறு, ஆடிக் கடைசி நாள்.

"அது அங்கன இருந்தா அத்தை கிளமையப் பாத்துருவாகள்ல" என்றார். "அதான் அன்னைக்கே எடுத்துட்டு வந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு!

"தெனம் அங்கன நின்னு அச்சடிக்கேன். மிஷினு ஓடுது, நாளு ஓட மாட்டேங்கு" என்றார். காது இரண்டும் சிவந்திருந்தது. "ஒரு நாளுதான மிச்சம், பொறுத்துக்கிடலாம்னு பாத்தேன். முடியல."

பரோட்டாக் கடையில், சால்னா வாசத்தில், பச்சை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். சப்ளையர் ஓடிவந்து "காரம் தூக்கலா இருக்காக்கா?" என்று கேட்டு, கேட்காமலேயே ஒரு ஆம்லேட் வைத்துவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போனோம். அத்தை வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றார். என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். வாளியில் பெரிதாக ஒட்டியிருந்தது: 'ஆடித் தள்ளுபடி'.

"ஏலே, ஆடி முடியலயே! இவள எங்கனருந்துலே கூட்டிட்டு வார?"

"அவுக வீட்டுக் காலண்டர்ல முடிஞ்சிருச்சும்மா" என்றார் இவர்.

அத்தை ஒரு நிமிஷம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காலண்டர் அச்சடிக்கிறவனைப் பெற்றவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. உள்ளே போனார், ஒரு தலையணையும் போர்வையும் எடுத்து வந்து மகன் கையில் கொடுத்தார்.

"நீ அச்சாபீஸுல போய்ப் படு. இவ எங்கூடப் படுக்கட்டும். விடிஞ்சா ஆவணி, அப்ப வா."

அவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மஞ்சப் பையையும் எடுத்துக்கொண்டு, தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தேன். "இது ஒரு பைத்தியம், அது ஒரு பைத்தியம். நல்லாத்தான் சோடி சேத்திருக்கோம்" என்று அத்தை சொன்னபோது அவர் வாயோரமும் துடித்தது.

மறுநாள் சேவல்கூட ஒழுங்காகக் கூவவில்லை, கதவு தட்டுகிற சத்தம். சிவகாசியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். தலையணை ஒரு கக்கத்தில், நாள்காட்டி மறு கக்கத்தில். அத்தை கதவைத் திறந்து வாசலை அடைத்து நின்றார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். இவர் ஆடி மாசத்தின் கடைசித் தாளை எங்கள் கண் முன்னாலேயே கிழித்து அத்தை கையில் கொடுத்தார். அடியில் ஆவணி ஒன்று, திங்கள்.

அத்தை காலண்டரைக் கையில் வாங்கினார். தேதியைப் பார்த்தார். கிழமையைப் பார்த்தார். வருஷத்தையும் பார்த்தார். அப்புறம்தான் வழியை விட்டார்.